நுவார் நாவலில் துப்பறிபவரே ஏன் கறைபடுகிறார்?

கொலை செய்தது யார் என்று தெரிந்துவிடுகிறது. தடயங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆனால் கடைசி அத்தியாயத்தில் நிம்மதி இல்லை. துப்பறிந்தவர் தான் விரும்பிய பெண்ணையே போலிசிடம் பிடித்துக்கொடுக்கிறார். அல்லது ஒரு சாட்சியத்தை மறைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அல்லது வேலை, குடும்பம், தூக்கம் எல்லாம் போய், மற்றவர்கள் கைவிட்ட ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ‘இந்த ஆள் நல்லவரா கெட்டவரா, ஒன்றும் புரியவில்லையே’ என்று புத்தகத்தை நூலகத்தில் திருப்பிப் போடும் வாசகருக்குத்தான் இந்த விளக்கம்.

நுவார் எனப்படும் இருண்ட வகைக் குற்ற நாவல்களில் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, துப்பறிபவரைப் பிடித்து ஆட்டும் பித்து. இன்னொன்று, அவர் தன் மனசாட்சியோடு செய்துகொள்ளும் சமரசம். இவற்றைத் தனித்தனிக் கருப்பொருள்களாகப் பட்டியல் போடுவது விமர்சகர்களின் வழக்கம். அப்படிப் பிரித்தால் கதை விளங்காது. சமரசத்துக்கான காரணத்தைப் பித்துதான் எழுதிக் கொடுக்கிறது. ஒவ்வொரு சமரசமும் பதிலுக்குப் பித்துக்கு இன்னும் கொஞ்சம் தீனி போடுகிறது. இந்தச் சுழற்சியைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும்.

## நாம் படித்து வளர்ந்த துப்பறிவாளர்கள்

தமிழில் துப்பறியும் கதைக்கு வயது நூற்றிருபத்தைந்துக்கு மேல். பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் வந்தது 1894-இல். பிறகு ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவி, நம் ஊர் வேட்டி கட்டிவிட்டு, நாவல் நாவலாக எழுதித் தள்ளினார்கள். அதற்கப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக். சிங்கப்பூரில் தமிழ் வாசித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இவர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி.

இவர்களுக்குள் எத்தனையோ வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் பெரும்பாலும் ஒரே கட்சி: குற்றம் அவர்களுக்கு வெளியே நடக்கும். மருத்துவர் நோயாளியைப் பார்க்க வருவதுபோல வருவார்கள், நாடி பிடிப்பார்கள், நோயின் பெயரைச் சொல்வார்கள், கிளம்பிவிடுவார்கள். சங்கர்லால் அருந்தும் தேநீர் ஒரு சொட்டும் சட்டையில் சிந்தாது. (சுஜாதா இந்த ஒப்பந்தத்தை அவ்வப்போது லேசாக மீறிப் பார்த்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணேஷ் வக்கீல், உண்மையும் கட்சிக்காரரின் நலனும் ஒரே பக்கம் நிற்காது என்று அவருக்குத் தெரியும்.)

நுவார் நாவலில் மருத்துவருக்கே நோய் தொற்றிக்கொள்கிறது. நோயாளி பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். கதை மருத்துவரைப் பற்றியது.

## சொல் வந்த வழி

‘நுவார்’ என்றால் பிரெஞ்சு மொழியில் கறுப்பு. 1945-இல் பாரிசின் கலிமார் பதிப்பகம், மார்செல் துயமெல் என்பவரின் பொறுப்பில், அமெரிக்கப் பாணிக் குற்ற நாவல்களை மொழிபெயர்த்துக் கறுப்பு அட்டையில் வெளியிடத் தொடங்கியது. வரிசையின் பெயரே ‘கறுப்பு வரிசை’. அடுத்த ஆண்டு நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் அதே சொல்லை அமெரிக்கத் திரைப்படங்களுக்குப் பயன்படுத்தினார். பாணி அமெரிக்கர்களுடையது, பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

அந்த அமெரிக்கக் கதைகளின் பிறப்பிடம் மலிவுத் தாளில் அச்சான வார, மாத இதழ்கள். அவற்றில் முக்கியமானது 1920-இல் தொடங்கிய ‘பிளாக் மாஸ்க்’. அதில் எழுதிய டாஷியல் ஹாமெட் முன்பு பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் உண்மையாகவே வேலை பார்த்தவர். துப்பறிதல் என்பது பெரும்பாலும் காத்திருப்பதும், பொய் சொல்வதும், காசு கொடுத்துத் தகவல் வாங்குவதும்தான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இங்கே இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1. ஹார்ட்பாயில்ட்: வேகவைத்து இறுகிய முட்டை போன்ற ஆள். உலகம் அழுகியிருக்கும்; ஆனால் துப்பறிபவரிடம் தனக்கென ஒரு நெறி இருக்கும். அடி வாங்குவார், விலை போகமாட்டார்.
2. நுவார்: அந்த நெறியே விரிசல் விட்டிருக்கும். அவருடைய ஆசை, குற்றவுணர்வு, தனிமை ஆகியவை விசாரணைக்குள் கலந்துவிடும். சில நாவல்களில் முக்கியப் பாத்திரம் துப்பறிபவராகக்கூட இருக்கமாட்டார், குற்றவாளியாகவே இருப்பார்.

பல நாவல்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. அந்த நடுப்பகுதியில்தான் நம் குழப்பம் பிறக்கிறது.

## பித்து என்றால் என்ன?

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமில்லை. வெறி, மோகம், பிடிவாதம், கிறுக்கு. ஆனால் பித்து என்ற சொல்லில் மட்டும் ஒரு விசித்திரமான மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுந்தரர் இறைவனையே ‘பித்தா’ என்று கூப்பிட்டார். ஒன்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத நிலையை நாம் பாதி திட்டுகிறோம், பாதி வியக்கிறோம். நுவார் நாவலாசிரியர் பயன்படுத்திக்கொள்வது இந்த இரட்டை மனத்தைத்தான். ‘வேலையில் எவ்வளவு அக்கறை!’ என்று முதல் நூறு பக்கம் நம்மை வியக்கவைப்பார். அடுத்த நூறு பக்கத்தில் அதே அக்கறை நம்மைச் சங்கடப்படுத்தும். அந்த ஆள் மாறியிருக்கமாட்டார். அவருடைய அக்கறைக்கு யார் பலியாகிறார்கள் என்பது நமக்குத் தெரியவந்திருக்கும்.

பித்து எதன்மேல் ஏறுகிறது என்று பார்த்தால் மூன்று வகை அடிக்கடி தென்படும்.

1. பொருள். ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1930) நாவலில் ஒரு பறவைச் சிலையை எல்லாரும் துரத்துகிறார்கள். ஒருவர் பதினேழு ஆண்டுகளாகத் துரத்துகிறார். கையில் கிடைத்ததும் சுரண்டிப் பார்த்தால் ஈயம். சில நிமிடம் ஆடிப்போகிறார். பிறகு உண்மையான சிலையைத் தேடி மறுபடி கிளம்பத் தயாராகிறார். சிலை ஒரு சாக்கு என்பது அப்போது தெளிவாகிவிடுகிறது.

2. இறந்தவர். ஜேம்ஸ் எல்ராய் 1987-இல் எழுதிய ‘தி பிளாக் டாலியா’ ஓர் உண்மைக் கொலையை அடித்தளமாகக் கொண்டது. 1947 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார்; வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. நாவலில் இரண்டு போலிஸ்காரர்களுக்கு அந்தப் பெண்மேல் பித்துப் பிடிக்கிறது. அவர்களில் ஒருவர் தன் ஆசைக்காகச் சாட்சியத்தை மறைக்கும் அளவுக்குப் போகிறார். எல்ராயின் தாயார் 1958-இல் கொலையுண்டவர், அதுவும் துலங்காத வழக்கு என்பது தெரிந்தால் நாவலின் சூடு எங்கிருந்து வருகிறது என்று புரியும். இறந்தவர்மேல் பித்துக் கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. அவர் எதிர்த்துப் பேசமாட்டார். நாம் விரும்பிய உருவத்தை அவர்மேல் வரைந்துகொள்ளலாம்.

3. வாக்கு. என் மதிப்பில் மூன்றிலும் இதுதான் மிக ஆபத்தானது. பேராசையோ காமமோ வந்தால் அடையாளம் தெரியும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது அறமாயிற்றே! அறத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் பித்தை யார் வாசலில் நிறுத்துவார்கள்? இதற்குப் பின்னால் விரிவாக வருவோம்.

## சமரசம் தவணையில் வருகிறது

நுவார் கதையில் யாரும் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. இதைக் காட்ட ஒரு கற்பனை வழக்கை சிங்கப்பூரில் நடத்திப் பார்ப்போம்.

டன்லப் ஸ்ட்ரீட் கடைவீட்டின் மாடியில் ஒரு தனியார் துப்பறிவாளர். முன்னாள் போலிஸ். யீஷூனிலிருந்து ஓர் அம்மா வருகிறார். தங்கையைக் காணோம், மூன்று வாரம் ஆகிறது, போலிசில் புகார் கொடுத்தாயிற்று. “அண்ணே, அவ உயிரோட இருக்காளான்னு மட்டும் தெரிஞ்சா போதும்” என்கிறார். துப்பறிவாளர் புகைப்படத்தை வாங்கி மேசைமேல் வைக்கிறார். இனி படிப்படியாக:

1. சின்னப் பொய். தங்கை வாடகைக்கு இருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ‘நகர மன்றத்திலிருந்து வருகிறேன், மேல்வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறதாம்’ என்கிறார். தகவல் கிடைக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை. வள்ளுவரே ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்றிருக்கிறாரே என்று மனம் சமாதானம் சொல்கிறது. அதே குறளின் அடுத்த சொல் ‘புரைதீர்ந்த’. குற்றம் ஒட்டாத நன்மை தந்தால்தான் அந்தச் சலுகை. நுவார் பாத்திரங்கள் எல்லாருக்கும் இந்தக் குறளின் முதல் பாதி மனப்பாடம்.

2. பின்தொடர்தல். தங்கையின் பழைய முதலாளிமேல் சந்தேகம். அவர் வீட்டுக்கு எதிரே காப்பிக் கடையில் இரவெல்லாம் உட்கார்கிறார். அந்த அம்மா கொடுத்த பணம் தீர்ந்துவிடுகிறது. இவர் நிறுத்தவில்லை. கூலிக்குச் செய்த வேலை, கூலி நின்ற பிறகும் தொடர்ந்தால் அதற்கு வேறு பெயர்.

3. மறைத்தல். தங்கையின் கைப்பேசி கிடைக்கிறது. போலிசிடம் கொடுக்க வேண்டும். ‘இரண்டே நாள், நானே பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்.’

4. பழி விழ விடுதல். அந்த இரண்டு நாளில், தங்கையோடு கடைசியாகப் பேசியதாகச் சொல்லப்படும் ஒரு வெளிநாட்டு ஊழியர் விசாரிக்கப்படுகிறார். அவருக்குத் தொடர்பில்லை என்பது கைப்பேசியில் இருக்கும் செய்திகளிலிருந்தே தெரியும். இவர் வாய் திறக்கவில்லை. முதலாளி ‘எதற்கு வம்பு’ என்று அந்த ஊழியரின் வேலை அனுமதியை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுகிறார்.

5. கண்டுபிடித்தல். தங்கை உயிரோடுதான் இருக்கிறார். அக்காவிடமிருந்து தப்பித்துத்தான் போனார். முகவரி தெரியக்கூடாது என்று கெஞ்சுகிறார். அக்கா கேட்டதோ உயிரோடு இருக்கிறாளா என்பதை மட்டும். துப்பறிவாளர் முகவரியைக் கொடுத்துவிடுகிறார். இத்தனை இழப்புக்குப் பிறகு வெறுங்கையோடு நிற்க அவரால் முடியவில்லை.

இந்த ஐந்தையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதிக் காட்டியிருந்தால் அந்த அம்மாவை அவர் வாசலோடு அனுப்பியிருப்பார். தவணையில் வந்ததால் கட்டினார். ஒவ்வொரு படியிலும் முந்தைய படி காரணமாக நிற்கிறது: இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் ஒன்றுதானே.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான்காவது படியில் அடிபட்டவருக்கு இந்தக் கதையில் பெயர்கூட இல்லை. பெரும்பாலான நுவார் நாவல்களிலும் அப்படித்தான். கதாநாயகரின் மனப்போராட்டத்துக்கு ஐம்பது பக்கம் கிடைக்கும். அதற்குப் பலியானவருக்கு ஒரு பத்தி. நல்ல நுவார் எழுத்தாளர் அந்த ஒரு பத்தியை நாம் மறக்க முடியாதபடி எழுதுவார். சுமாரானவர் கதாநாயகரோடு சேர்ந்து அழுதுவிட்டுப் போய்விடுவார்.

## சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

அமெரிக்க நாவலில் படிக்கும்போது சாகசமாகத் தெரியும் இந்தச் செயல்கள் இங்கே என்ன ஆகும் என்று பார்த்தால், ‘சமரசம்’ என்ற சொல்லின் எடை கூடும்.

சிங்கப்பூரில் தனியார் துப்பறிவாளராக வேலை செய்ய உரிமம் வேண்டும். 2007-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது, உரிமம் தருவது காவல்துறை. உரிமம் இருப்பதால் யார் வீட்டுக் கதவையும் திறக்க முடியாது. கைது, சோதனை எல்லாம் போலிசுக்குரியவை.

பின்தொடர்வதை எடுத்துக்கொண்டால், 2014-இன் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் சட்டவிரோதமாகப் பின்தொடர்வதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 5,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டருகே சுற்றித் திரிவது, கண்காணிப்பது எல்லாம் அதற்குள் வரும். ஆனால் தன் நடத்தை அந்தச் சூழலில் நியாயமானது என்று நிரூபிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ‘நியாயமானது’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் நுவார் துப்பறிவாளர் குடியிருக்கிறார். பணம் கொடுத்த கட்சிக்காரருக்காக ஒருவரைக் கவனிப்பதும், பணம் தீர்ந்த பிறகும் தூக்கம் வராமல் போய்க் கவனிப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே செயல்.

மறைப்பதற்கு வருவோம். சில கடும் குற்றங்கள் நடந்தது தெரிந்தால் போலிசுக்குச் சொல்ல வேண்டியது ஒவ்வொருவரின் கடமை என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424-ஆம் பிரிவு. நீதியின் போக்கை வேண்டுமென்றே கெடுத்தால் தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவின்கீழ் ஏழாண்டு வரை சிறை. நாவலில் துப்பறிவாளர் ஒரு துப்பாக்கியைத் துடைத்து ஆற்றில் எறியும் காட்சியில் நம் மனம் அவர் பக்கம் இருக்கும். அவர் யாருக்காக எறிந்தார் என்பது நமக்குத் தெரியும். அது நீதிமன்றத்தின் காதுக்கு எட்டாது.

விசாரிக்கும் போலிசுக்கும் கட்டு உண்டு. மிரட்டியோ, ஆசை காட்டியோ, உறுதி கொடுத்தோ பெற்ற வாக்குமூலம் செல்லாது என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 258-ஆம் பிரிவு சொல்கிறது. குற்றவாளி இவர்தான் என்று முடிவு கட்டிவிட்ட அதிகாரியிடமிருந்து அப்பாவியைக் காக்கும் ஏற்பாடு அது.

## வாக்கு கொடுத்தவரின் கதை

அந்த முடிவு கட்டிய அதிகாரியையும், அவருக்கு எதிரே வாக்கு கொடுத்த அதிகாரியையும் ஒரே கதையில் வைத்தவர் சுவிட்சர்லாந்தின் பிரீட்ரிக் டூரன்மாட். 1958-இல் வந்த அவருடைய ‘வாக்குறுதி’ நாவலின் துணைத்தலைப்பே ‘குற்ற நாவலுக்கு ஓர் இரங்கற்பா’ என்பதுதான். (கதையின் முடிவு இங்கே வரப்போகிறது. படிக்க எண்ணியிருப்பவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம்.)

ஒரு சிறுமி கொல்லப்படுகிறாள். வேறு நாட்டுக்கு வேலையாகக் கிளம்பவிருந்த மத்தேய் என்ற போலிஸ் அதிகாரி, பெற்றோரிடம் செய்தி சொல்லப் போகிறார். கொலைகாரனைக் கண்டுபிடிப்பதாகத் தன் ஆன்மாவின்மேல் ஆணையிடச் சொல்கிறாள் தாய். அந்த வீட்டிலிருந்து எப்படியாவது வெளியேறினால் போதும் என்ற நிலையில் சரி என்கிறார். அவ்வளவுதான், தூண்டில் மாட்டிவிட்டது.

ஒரு நாடோடி வியாபாரி பிடிபடுகிறார். மணிக்கணக்கான விசாரணைக்குப் பிறகு ஒப்புக்கொள்கிறார், அப்புறம் தானே தூக்குப் போட்டுக்கொள்கிறார். துறைக்கு வழக்கு முடிந்தது. மத்தேய்க்கு முடியவில்லை. அவர் நினைப்பது சரியும்கூட, அந்த வியாபாரி கொலைகாரர் அல்லர். இதுதான் நாவலின் கூர்மை: பித்துப் பிடித்தவரின் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை.

விமானத்தை விட்டுவிடுகிறார். வேலை போகிறது. கொலைகாரன் எந்தச் சாலை வழியாக வந்து போவான் என்று கணக்குப் போட்டு அங்கே ஒரு பெட்ரோல் நிலையத்தை எடுத்து நடத்துகிறார். இறந்த சிறுமியின் சாயலில் இருக்கும் இன்னொரு சிறுமியையும் அவள் தாயையும் வீட்டில் சேர்த்துக்கொள்கிறார். ஊர் கண்ணுக்கு அது குடும்பம். அவருக்கு அந்தக் குழந்தை தூண்டில் புழு. குழந்தைக்குத் தெரியாது, தாய்க்கும் தெரியாது.

கணக்கு பலிக்கிறது. கொலைகாரன் குழந்தையைச் சந்திக்கத் தொடங்குகிறான். பிடிக்க ஆள் போட்டுக் காத்திருக்கிறார்கள். அவன் வரவில்லை. வரும் வழியில் கார் விபத்தில் இறந்துபோனான் என்பது பல ஆண்டுகள் கழித்து, மரணப் படுக்கையில் ஒரு கிழவி சொல்லித்தான் போலிஸ் தலைவருக்குத் தெரிகிறது. மத்தேயோ குடித்துக் குடித்து அழிந்து, பெட்ரோல் நிலைய வாசலில் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். அவன் வருவான், வருவான் என்கிறார்.

இதே கதையை டூரன்மாட் முதலில் ஒரு திரைப்படத்துக்காக எழுதினார். படத்தில் கொலைகாரன் பிடிபடுகிறான். அதில் மனம் நிறையாமல் நாவலாகத் திருப்பி எழுதியபோதுதான் அந்தக் கார் விபத்து வந்தது. எதற்காக இந்த மாற்றம்? கொலைகாரன் பிடிபட்டால் குழந்தையைத் தூண்டிலாக்கியதை நாம் மன்னித்துவிடுவோம். ‘என்ன இருந்தாலும் பிடித்தாரே’ என்று சொல்லிவிட்டுப் போவோம். வெற்றி எல்லாச் சமரசத்தையும் துடைத்துவிடும். வெற்றியை எடுத்துவிட்டால் மீந்து நிற்பது அந்தச் செயல் மட்டும்தான்: ஒருவர் தன் வாக்கைக் காப்பாற்ற இன்னொருவரின் மகளைப் பணயம் வைத்தார்.

## சிலம்பில் ஒரு விசாரணை

இதெல்லாம் மேற்கத்தியச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று நினைப்பவர்கள் மதுரைக் காண்டத்தைத் திறந்து பார்க்கலாம்.

காணாமல்போன சிலம்பு. தகவல் கொடுப்பவர் பொற்கொல்லர், திருடியவரும் அவரே. விசாரிக்க வேண்டியவர் பாண்டியன். அந்த நேரத்தில் அவன் மனம் எங்கே? ஊடல் கொண்டு போன கோப்பெருந்தேவியைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் வழக்கு குறுக்கிடுகிறது. ‘தேரான் ஆகி’ என்கிறார் இளங்கோ, ஆராயாதவனாக. ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டு நடையைக் கட்டுகிறான். அவன் கொடுங்கோலன் அல்லன். ஆசை அவசரப்படுத்தியது, அவ்வளவுதான்.

பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. பாண்டியன் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்கிறான். விசாரணையின் முடிவில் விசாரித்தவரே குற்றவாளி என்று தெரியவருவது நுவாரின் உச்சக் காட்சி. பாண்டியன் அதை உரக்கச் சொல்லி அங்கேயே விழுந்து உயிரை விட்டான். நவீன நுவார் துப்பறிவாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவரும் ‘யானே கள்வன்’ என்று உணர்கிறார். ஆனால் மறுநாள் காலை அலுவலகத்தைத் திறக்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும்.

பாண்டியன் எங்கே தவறினான் என்பதற்கு வள்ளுவரிடம் ஒரு குறிப்பு கிடைக்கிறது. ஒற்றாடல் அதிகாரத்தில் ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ என்கிறார்: ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார். நுவார் துப்பறிவாளர் ஏன் எப்போதும் தனியாளாக இருக்கிறார் என்பதற்கு இதிலே விடை உண்டு. கூட்டாளி இறந்திருப்பார், துறை வெளியே தள்ளியிருக்கும், மனைவி பிரிந்திருப்பார். இரண்டாவது கண் கதையிலிருந்து அகற்றப்பட்டுவிட்டது. ‘போதும் நிறுத்து’ என்று சொல்ல ஆள் இருந்தால் பித்து வளராது.

கண் என்றதும் ஒரு சின்ன விலகல். மலாயில் மாத்தா என்றால் கண். மாத்தா-மாத்தா என்பது போலிசுக்குப் பழைய பெயர், வேவுக்காரருக்கும் அதே சொல். நம் தாத்தா பாட்டிகளும் ‘மாத்தா வர்றான்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். காவல் காக்கும் கண்ணுக்கும் ஒளிந்து பார்க்கும் கண்ணுக்கும் ஒரே பெயர் வைத்த மொழிக்கு நுவார் நன்றாகவே புரிந்திருக்கும்.

## இத்தனை வெளிச்சமான ஊரில் நுவாரா?

தெருவுக்குத் தெரு கேமரா, பத்து மணிக்குமேல் தனியாக எம்ஆர்டியில் வரும் பிள்ளைகள். இங்கே எப்படி நுவார் எழுதுவது என்ற கேள்வி நியாயமானது. 2014-இல் ‘சிங்கப்பூர் நுவார்’ என்றே ஆங்கிலத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்துவிட்டது என்றாலும், கேள்வி முழுதாக ஓயவில்லை.

வரலாறு ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. அன்றைய மதிப்பு 400,000 வெள்ளி. கொள்ளைக் கும்பலில் மூன்று போலிஸ் துப்பறிவாளர்கள் இருந்தார்கள். ஊழலை விசாரிக்கும் பிரிவு அப்போது போலிசுக்குள்ளேயே இருந்தது. தன் ஆட்களைத் தானே எப்படி விசாரிப்பது? அந்தச் சங்கடத்திலிருந்துதான் 1952-இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு தனி அமைப்பாகப் பிறந்தது. வள்ளுவரின் ‘மற்றுமோர் ஒற்று’ என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இன்றைய சுத்தமான ஊர் ஒரு நுவார் கதைக்குக் கிடைத்த பதிலிலிருந்து கட்டப்பட்டது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

ஆனால் அதைவிட முக்கியமான பதில் வேறு. நுவாரின் இருட்டு தெருவிளக்கைப் பொறுத்தது அல்ல. யார் கண்ணில் படுகிறார்கள், யார் படுவதில்லை என்பதைப் பொறுத்தது. 2018-இல் லொகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருது பெற்ற சிங்கப்பூர்ப் படம் ‘எ லேண்ட் இமேஜின்ட்’ இதைத்தான் பிடித்தது. கடலைத் தூர்க்கும் தளத்தில் ஒரு சீன ஊழியர் காணாமல்போகிறார். தூக்கம் வராத ஒரு போலிஸ்காரர் தேடுகிறார். தேடத் தேட, காணாமல்போனவரின் தூக்கமின்மையும் இவருடையதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கடலில் கொட்டிய மண்ணால் தன் பரப்பை ஏறத்தாழ 25 விழுக்காடு பெருக்கிக்கொண்ட நாட்டில், அந்த மண்ணைக் கொட்டியவர் காணாமல்போனால் எத்தனை நாளில் தெரியவரும் என்பதே படத்தின் கேள்வி. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு ஊழியர் கூட்டத்துக்குள் நடந்து பழகிய தமிழருக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

## படிக்கும்போது எதைப் பார்ப்பது?

‘நல்லவரா கெட்டவரா’ என்பதற்குப் பதிலாக வேறு மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் நுவார் நாவல் வேறு மாதிரி திறக்கும்.

1. இந்த வழக்கை அவர் எந்தப் பக்கத்தில் விட்டிருக்கலாம்? பெரும்பாலும் அப்படி ஒரு பக்கம் இருக்கும். கூலி தீர்ந்த இடமோ, கட்சிக்காரரே ‘போதும்’ என்ற இடமோ. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அவர் கணக்கு.
2. அந்தக் கணக்கை யார் கட்டுகிறார்கள்?
3. அவர் சரியானதைச் செய்யும்போதுகூட என்ன காரணத்துக்காகச் செய்கிறார்?

மூன்றாவதுதான் கடினம். ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ முடிவைப் பாருங்கள். துப்பறிவாளர் ஸ்பேட், தன் கூட்டாளியைக் கொன்ற பெண்ணைப் போலிசிடம் ஒப்படைக்கிறார். அவளை அவர் காதலித்திருக்கலாம். அவருக்கே அது நிச்சயமில்லை. அவளிடம் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார்: கூட்டாளி கொல்லப்பட்டால் சும்மா இருக்கக்கூடாது, தொழிலுக்குக் கெட்ட பெயர், அவளை விட்டால் நாளை அவள் கையில் தன் குடுமி. நீதி என்ற ஒரு காரணத்துக்கு இத்தனை துணைக் காரணம் எதற்கு? அந்தக் கூட்டாளியின் மனைவியோடு இவருக்கு முன்பே உறவு இருந்தது, கூட்டாளி செத்த கையோடு கதவிலிருந்த அவர் பெயரை எடுக்கச் சொன்னவர் இவர் என்பதெல்லாம் வாசகருக்கு நினைவிருக்கும்.

மறுநாள் அலுவலகம். காரியதரிசி எஃபி பத்திரிகையில் செய்தியைப் படித்துவிட்டிருக்கிறாள். ஆரம்பத்திலிருந்து அந்தப் பெண்ணை நம்பியவள் அவள். ஸ்பேட் அவள் இடுப்பில் கை வைக்கிறார். அவர் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரிகிறது, அதைச் சொல்லவும் செய்கிறாள். ஆனால் இப்போது தன்னைத் தொட வேண்டாம் என்று விலகிக்கொள்கிறாள். ஸ்பேட் முகம் வெளிறுகிறது. இறந்த கூட்டாளியின் மனைவி வெளியே காத்திருப்பதாகத் தகவல் வருகிறது. அவர் உடல் ஒருமுறை நடுங்குகிறது. சரி, உள்ளே அனுப்பு என்கிறார்.